நோன்பும் பாரணையும்: காந்தியடிகள் கால்வலியில் கற்ற பாடம்

காந்தியடிகளின் உண்ணாநோன்புகளைப் பற்றிப் பேசுவோர், அவர் எதன்பொருட்டு நோற்றார், எவர் மனத்தை மாற்றினார் என்பனவற்றையே பேசுவர். அந்நோன்புகளைத் தாங்கிய உடலை நினைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ள மெலிந்த உடல் அது. அவ்வுடலைக் கொண்டு 21 நாள் நோன்பை அவர் மூன்று முறை நிறைவேற்றினார். மூன்றாம் முறை நோற்றபோது அவருக்கு வயது 73. ஆயினும் இவ்வல்லமை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று எண்ணிவிடலாகாது. 44-ஆம் வயதில் 14 நாள் நோன்பொன்றை முடித்தபின், கால்களே பயனற்றுப் போகுமோ என்று மருத்துவர் அஞ்சும் நிலைக்கு அவர் ஆளானார்.

ஆண்டுதோறும் தசலக்ஷண பர்வத்தில் நம் இல்லத்துப் பெரியோரும், அண்மைக்காலமாக இளையோரும், பல நாள் உபவாசம் ஏற்கின்றனர். நோன்பு நாட்களில் அவர்களைச் சூழ்ந்து நின்று கவனிக்கும் நாம், பாரணை முடிந்ததும் கவலை தீர்ந்ததென்று அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். காந்தியடிகளின் வாழ்க்கை காட்டுவது இதற்கு மாறானது. ஆகவே பலரும் எழுதியுள்ள அவர் வரலாற்றில் உடலைப் பற்றிய இப்பகுதியை மட்டும் இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், நோன்பை ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். அன்னை புத்லிபாய் மழைக்கால நான்கு மாதங்களிலும் ஏதேனும் ஒரு விரதம் பூண்பார். ஒருபொழுது உண்பது அவருக்கு எளிய வழக்கம். ஓராண்டு கதிரவனைக் கண்டாலன்றி உண்பதில்லை என்று உறுதி பூண்டார். மேகம் மூடிய வானத்தைப் பார்த்தபடி பிள்ளைகள் முற்றத்தில் காத்து நிற்பர். கதிர் தெரிந்ததும் ஓடிச் சென்று தாயை அழைப்பர். அவர் வருவதற்குள் கதிரவன் மறைந்துவிடும். சற்றும் முகம் வாடாமல் அவர் மீண்டும் தம் வேலையைப் பார்க்கச் செல்வார். பொழுது சாய்ந்தபின் உண்ணாத நம் இல்லங்களில் வளர்ந்தவர்க்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது.

1888-இல் மோகன்தாஸ் சட்டம் பயில இங்கிலாந்து செல்லப் புறப்பட்டபோது, அன்னையின் அச்சத்தைத் தீர்த்து வைத்தவர் பேசர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவி. மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்ற உறுதிமொழியை அவரே செய்வித்தார். 1891-இல் தாயகம் திரும்பிய அடிகள், பம்பாயில் ராய்சந்த்பாய் என்று அழைக்கப்பெற்ற ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்தார். 1901-இல் தம் 33-ஆம் வயதிலேயே மறைந்துவிட்ட அந்த ஜைன ஞானியின் சொற்கள் அடிகளின் உள்ளத்தில் இறுதிவரை நிலைத்தன. பால் புலனுணர்ச்சிகளைத் தூண்டும் என்ற கருத்தை அடிகள் முதலில் கேட்டது அவரிடமிருந்துதான். இச்செய்தி பின்னர் பெரிதும் வேண்டப்படுவதால் வாசகர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

தென்னாப்பிரிக்காவில் 1910-இல் தொடங்கப்பெற்ற தால்ஸ்தாய் பண்ணையில் அடிகளுடன் வாழ்ந்தவர்களில் தமிழர் பலர். ஜோகன்னஸ்பர்க் நகரம் அங்கிருந்து 21 மைல். சொந்த வேலையாகச் செல்பவர் நடந்தே போய்வர வேண்டும் என்பது விதி. பின்னிரவில் எழுந்து புறப்பட்டு, நகரில் அலுவல்களை முடித்து, அன்றே நடந்து திரும்புவது அவருக்கு வழக்கமாயிருந்தது. ஆகவே நடை அவருக்கு மூச்சுவிடுவதைப் போன்றது. தம் கால்களை அவர் ஒருபோதும் ஐயுற்றதில்லை. பின்னர் நேர்ந்த துன்பத்திற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

1912-இல் அப்பண்ணையில் அவரும் நண்பர் காலன்பாக்கும் பாலை விலக்கினர். நாளடைவில் தானியமும் நின்றது. நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் ஆகியவையே உணவாயின. 1913-இல், ஃபீனிக்ஸ் ஆசிரமத்தில் வாழ்ந்த இருவர் ஒழுக்கம் தவறியதறிந்து, அவர்தம் குற்றத்திற்குத் தாமே கழுவாய் தேடுவாராய் ஏழு நாள் நோன்பிருந்தார். அதன்பின் நான்கரை மாதம் ஒருபொழுதே உண்டார். அந்த ஏழு நாளும் துன்பமின்றிக் கழிந்தன. 1914-இல் அதே போன்ற காரணத்தால் 14 நாள் நோன்பு ஏற்றார். முன்னது எளிதாய் முடிந்ததால் பின்னதும் அவ்வாறே முடியும் என்று கருதினார் போலும்.

அவ்வாறு முடியவில்லை. வெறும் நீர் சுவையற்றதாகிக் குமட்டலை உண்டாக்கியது. நோன்பில் நீர் எத்துணை இன்றியமையாதது என்பதை அந்நாளில் அவர் அறிந்திருக்கவில்லை. ஆகவே மிகக் குறைவாகவே பருகினார். தொண்டை வறண்டது, உடல் தளர்ந்தது. இறுதி நாட்களில் தாழ்ந்த குரலிலேயே பேச முடிந்தது. எனினும் நோன்பு நிறைவேறிற்று. இவ்வளவோடு நின்றிருந்தால் இவ்வரலாற்றில் எழுதத்தக்க பகுதி அதிகமில்லை.

அதே ஆண்டு ஜூலையில் கோகலேயைச் சந்திப்பதற்காக, கஸ்தூரிபாயுடனும் காலன்பாக்குடனும் கப்பலில் மூன்றாம் வகுப்பில் இலண்டனுக்குப் புறப்பட்டார். நோன்பு முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இழந்த வலிமையை விரைந்து மீட்க வேண்டுமென்று அவர் கருதினார். பசி மிகுமாறு நடப்பது, நடந்தபின் உண்பது, உண்டது செரிக்குமாறு மீண்டும் நடப்பது என்று கப்பலின் மேல்தளத்தில் நாள்தோறும் பயிற்சி செய்தார். முன்பு நாளொன்றுக்கு 40 மைல் நடந்த கால்கள், அச்சிறு தளத்தில் நடப்பதையும் தாங்கவில்லை. கெண்டைக்கால் தசைகளில் கடும் வலி உண்டாயிற்று. உலகப்போர் மூண்ட அந்த ஆகஸ்டு மாதத்தில் இலண்டனில் இறங்கியபோது, தென்னாப்பிரிக்காவில் இருந்ததைவிடத் தம் உடல்நிலை சீர்கெட்டிருந்ததை உணர்ந்தார்.

அங்கே அவரைப் பரிசோதித்தவர் மருத்துவர் ஜீவராஜ் மேத்தா. பின்னாளில் குஜராத் மாநிலத்தின் முதல் முதலமைச்சரானவர் இவரே. நோன்பின் வரலாற்றையும் வலியின் வரலாற்றையும் கேட்டறிந்த அவர், இரண்டு வாரம் முழு ஓய்வு கொள்ளாவிடில் கால்கள் செயலற்றுப் போகக்கூடும் என எச்சரித்தார். நீண்ட நோன்பிலிருந்து எழுபவர் இழந்த வலிமையை மீட்க அவசரப்படலாகாது, நாவையும் அடக்க வேண்டும், நோன்பைக் காப்பதைவிட நோன்பை முடிப்பதற்கே மிகுந்த விழிப்பும் அடக்கமும் வேண்டும் என்பதை அடிகள் கற்றது அப்போதுதான். இதனைத் தம் தன்வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதி வைத்துள்ளார். கற்றதையும் உடனே கடைப்பிடித்தாரில்லை. போரில் காயமுற்றோர்க்கு உதவும் பயிற்சியில் சேர்ந்து நாள்தோறும் நடந்து சென்றதில், நுரையீரல் உறைவீக்கமும் வந்து சேர்ந்தது. பாலும் தானியமும் உண்ணுமாறு மருத்துவரும் கோகலேயும் வற்புறுத்தியும் அவர் இசையவில்லை.

அந்தக் கால்களுக்குள் நிகழ்ந்தது என்ன? பிற்கால ஆராய்ச்சிகளின் துணையால் இதனை நாம் ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். உணவு நின்ற முதல்நாளில் கல்லீரலில் சேமிக்கப்பட்ட சர்க்கரை செலவாகிறது. அது தீர்ந்தபின் மூளைக்கு வேண்டிய சர்க்கரையை ஆக்குவதற்கு உடல் தன் தசைப் புரதத்தையே கரைக்கிறது. தொடக்க நாட்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கிராம் புரதம் இவ்வாறு செலவாகும். தசையாகக் கணக்கிட்டால் 300 கிராமுக்கும் மேல். நாட்கள் செல்லச் செல்ல, கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன் என்னும் பொருட்களை மூளை எரிபொருளாக ஏற்கப் பழகுகிறது. தசைக்கரைவும் படிப்படியாகக் குறைந்து, சில வாரங்களில் 20 கிராம் அளவுக்கு இறங்குகிறது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கேஹிலும் அவருடைய குழுவினரும் 1960-களில் இவற்றை அளந்து காட்டினர். ஆக, நோன்பின் முதல் வாரமே தசையை அதிகம் கேட்பது. உடலில் கொழுப்பு குறைந்தவருக்கு இழப்பு இன்னும் விரைவாக நேரும்.

இழந்த தசை நோன்பு முடிந்தவுடன் திரும்பிவிடுவதில்லை. அதற்குப் புரதம் வேண்டும்; அளவான இயக்கம் வேண்டும்; நாட்களும் வேண்டும். அடிகளின் கப்பற் பயணத்தில் இயக்கம் அளவை மிஞ்சியது. உணவிலோ நிலக்கடலையைத் தவிரப் புரதம் மிகுந்த பொருள் ஏதுமில்லை. தேய்ந்த தசையின் மீது பெருஞ்சுமை ஏற்றப்பட்டது.

பாரணை உணவில் மற்றோர் இடரும் உண்டு. பல நாள் உண்ணாதிருந்த உடலுக்குள் இனிப்பும் சோறும் திடீரெனப் புகுந்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய உப்புகள் உயிரணுக்களுக்குள் விரைந்து இழுக்கப்படும். இரத்தத்தில் அவற்றின் அளவு தாழ்ந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இரண்டாம் உலகப்போரின் முடிவில், பட்டினி கிடந்து மீட்கப்பட்டவர்களுள் சிலர் வயிறார உண்டபின் உயிரிழந்ததைக் கண்ட பிறகே மருத்துவ உலகம் இதனை நன்குணர்ந்தது. ஐந்து நாட்களுக்கு மேல் உண்ணாதவர்க்கு இந்த இடர் உண்டு என்பது இன்றைய மருத்துவக் கணிப்பு.

இனி 1918-ஆம் ஆண்டுக்கு வருவோம். கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த அடிகளுக்கு இலேசான வயிற்றுக்கடுப்பு கண்டது. ஒருவேளை உணவைத் தவிர்த்ததும் குணம் தெரிந்தது. முழுக் குணம் பெற நோன்பை நீட்டிக்க வேண்டும், உண்பதானால் பழச்சாறு மட்டுமே கொள்ளவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அன்று ஏதோ ஒரு பண்டிகை நாள். கஸ்தூரிபாய் இனிப்பிட்ட கோதுமைக் கஞ்சியும் பயறும் ஆக்கி வைத்திருந்தார். சிறிது உண்டு அவரை மகிழ்விக்கலாம் என்று அமர்ந்தவர், வயிறு நிறைய உண்டுவிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் கடுப்பு முற்றியது. எலும்புக்கூடாய் மெலிந்து, இறுதி வந்துவிட்டதென்றே அவர் நம்புமளவுக்கு நோய் நீடித்தது. இலண்டனில் கற்ற பாடத்தை நான்கே ஆண்டுகளில் ஒரு கிண்ணம் கஞ்சி மறக்கடித்தது. அடிகளுக்கே இவ்வாறாயின், பாரணையன்று விருந்தினர் கொணரும் பலகாரத் தட்டுகளுக்கு முன் நம்மனோர் நிலையை என்னென்பது?

நோய் தீர்ந்தும் வலிமை திரும்பவில்லை. பால் உண்டாலன்றி உடலைத் தேற்ற இயலாது என்று பம்பாய் மருத்துவர் தலால் கூறிவிட்டார். விரதத்தைக் காட்டி அடிகள் மறுத்தார். அருகிலிருந்த கஸ்தூரிபாய், விரதம் பூண்டபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தாமே, வெள்ளாட்டுப் பாலுக்கு என்ன தடை என்று வழிகாட்டினார். 1919-இன் தொடக்கத்தில் அடிகள் ஆட்டுப்பாலை ஏற்றார். உடல் தேறியது. விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளை இழந்தோமே என்ற வருத்தம் மட்டும் இறுதிவரை நீங்கவில்லை. ராய்சந்த்பாயின் சொல் ஒருபுறமும் உயிர்வாழும் கடமை ஒருபுறமும் இழுக்க, அவர் பட்ட துயரம் விரதத்தை விளையாட்டாகக் கொள்ளாத எவர்க்கும் விளங்கும். தம் சொற்கேட்டுப் பாலை விட்டவர்கள், அதனால் எல்லா வகையிலும் நலம் கண்டாலன்றி அதில் பிடிவாதம் வேண்டா என்றும், செரிமானம் குன்றியோர்க்கும் படுக்கையில் கிடப்போர்க்கும் பாலுக்கு ஒப்பான எளிய உணவைத் தாம் காணவில்லை என்றும் அவர் வெளிப்படையாக எழுதினார். தம் கருத்துக்கு மாறான அனுபவத்தையும் மறைக்காத அந்த நேர்மையை நாம் பெரிதும் போற்றுகிறோம்.

1924 செப்டம்பரில், இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக டில்லியில் 21 நாள் நோன்பு தொடங்கினார். அவ்வாண்டு சனவரியில்தான் பூனாவில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நண்பர்கள் நடுங்கினர். ஆனால் ஃபீனிக்ஸில் நோற்றவர் வேறு. டில்லியில் நோற்றவர் வேறு. நீரை முறையாகப் பருகினார். ஆற்றலை வீணாக்கவில்லை. முற்றிலும் முடங்கிக் கிடக்கவுமில்லை. நாள்தோறும் இராட்டையில் நூற்றார். மருத்துவர் அன்சாரியின் கண்காணிப்பில், அக்டோபர் 8 அன்று ஆரஞ்சுப் பழச்சாறு அருந்தி நிறைவு செய்தார். ஆதிபகவனின் ஓராண்டு நோன்புக்குக் கருப்பஞ்சாறு பாரணையாயிற்று என்பதை அட்சய திருதியைதோறும் நினைவுகூரும் நமக்கு, இந்தச் சாற்றின் பொருத்தம் உடனே புலப்படும்.

அடுத்த ஆண்டு இறுதியில் சபர்மதியில் ஏழு நாள் நோன்பிருந்தபின், நோற்பார்க்கு உதவும் விதிகளை யங் இந்தியா இதழில் வரைந்தார். தொடக்கத்திலிருந்தே உடலாற்றலையும் மன ஆற்றலையும் சேமிக்க வேண்டும். உணவைப் பற்றி எண்ணலாகாது. கொதிக்க வைத்து வடிகட்டி ஆறிய நீரை, சிறிது சிறிதாக, இயன்ற அளவு பருக வேண்டும். அதில் உப்பும் சோடா உப்பும் சேர்ப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைப்பது, காலை வெயிலில் இருப்பது, திறந்த வெளியில் உறங்குவது ஆகியவை நன்று. நாள்தோறும் எனிமா கொள்ளவும் அவர் கூறினார். அதனை இன்றைய மருத்துவர்கள் தேவையென்று கருதுவதில்லை. ஆனால் நீரும் உப்பும் பற்றிய அவர் விதியை மருத்துவம் முற்றிலும் ஏற்கிறது. நோன்பின் முதல் நாட்களில் சிறுநீர் வழியே உப்பு மிகுதியாக வெளியேறுவதே தலைசுற்றலுக்கும் தளர்ச்சிக்கும் ஒரு முக்கிய காரணம்.

ஆற்றலைச் சேமிக்கும் விதியின் பெருமையை 1932 செப்டம்பர் காட்டியது. எரவாடா சிறையில் நோற்ற அந்நோன்பு நீடித்தது ஆறே நாள். எனினும் 21 நாள் நோன்பைவிட விரைவாக அவரைத் தளர்த்தியது. தலைவர்கள் வருவதும் போவதுமாக இருந்தனர், பேச்சுவார்த்தை ஓயவில்லை. வயதும் 63 நிறையவிருந்தது.

1943 பிப்ரவரி 10 அன்று ஆகாகான் மாளிகைச் சிறையில் 21 நாள் நோன்பு தொடங்கியபோது, தம் உடல் இப்போது வெறும் நீரை ஏற்பதில்லை, எலுமிச்சை இனப் பழச்சாறு கலந்தே பருகுவோம் என்று வைஸ்ராய்க்கு முன்னதாகவே எழுதிவிட்டார். சாவதற்காக அன்று, சோதனையைக் கடந்து வாழ்வதற்காகவே இந்நோன்பு என்பதையும் தெளிவாக்கினார். நாட்கள் பாதி கடந்த நிலையில் குமட்டல் மிகுந்து நீரும் உட்செல்லாமற்போக, மருத்துவர்கள் நம்பிக்கை இழக்கும் கட்டம் வந்தது. சாத்துக்குடிச் சாறு கலந்த நீர் வயிற்றில் தங்கத் தொடங்கிய பிறகே நிலைமை தேறியது. நாளுக்கு 100 கிராம் அளவு சர்க்கரை கொடுத்தால் பட்டினியில் தசைக்கரைவு ஏறக்குறைய பாதியாகும் என்பதைச் சற்றேறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் கேம்பிள் கண்டறிந்தார். அடிகள் அருந்திய சாறு அவ்வளவுக்கு மிகக் குறைவு. அவரைக் காத்தது சாற்றின் சர்க்கரை என்பதைவிட, சாற்றால் உட்சென்ற நீர் என்பதே பொருந்தும்.

இங்கே நம் இல்லங்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். எம் உறவினரான மூதாட்டி ஒருவர், எட்டு நாள் உபவாசம் முடித்த மறுநாளே வழக்கம்போல் மாவாட்டவும் நீர் சுமக்கவும் முற்பட்டார். தொடைகள் நடுங்கிப் படியில் அமர்ந்தவரை இருவர் தூக்கி வர நேர்ந்தது. நோன்பில் தவறில்லை, அதற்கடுத்த வாரத்தை நாங்கள் கவனியாது விட்டதே தவறு. பாரணையில் சாறும் கஞ்சியும், பிறகு மோரும் பாலும் பாசிப்பயறும், அதன்பின் சிறுகச் சிறுக வழக்கமான உணவும் என்ற வரிசையை நம் முன்னோர் அறிவர். முதியவர்க்கு, நோன்புக்குப் பிந்திய வாரங்களில் பருப்பும் பாலும் ஒவ்வொரு வேளையும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். நடை முதலில் வீட்டுக்குள், பிறகு தெருமுனை வரை என்று நீளலாம். இன்சுலின் முதலிய மருந்து கொள்வோரும், சிறுநீரக நோயாளரும், கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் நீண்ட நோன்பு ஏற்றல் ஆகாது. நீரையும் விலக்கி நோற்பவர்க்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

உடல் இளைக்க வேண்டிப் பசியை அடக்கும் ஊசி மருந்துகளை மருத்துவர் எழுதித் தர இக்காலத்தில் பலர் ஏற்கின்றனர். அது நோன்பன்று, ஆனால் குறைவாக உண்ணும் உடலின் கணக்கு அங்கும் அதுவே. குறையும் எடையில் கால் பங்கு முதல் 40 விழுக்காடு வரை கொழுப்பல்லாத திசுவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே புரதம் மிகுந்த உணவையும், தசைக்கு வேலை தரும் பயிற்சியையும் மருத்துவர்கள் உடன் வற்புறுத்துகின்றனர்.

அடிகளின் இறுதி நோன்பு 1948 சனவரி 13 அன்று டில்லி பிர்லா மாளிகையில் தொடங்கியது. வயது 78. மூன்றாம் நாளுக்குள் சிறுநீரில் அசிட்டோன் தென்பட்டது. மருத்துவர்கள் கவலையுற, அடிகளோ இறைவனிடத்துத் தம் நம்பிக்கை நிறைவுறாததன் அடையாளம் அது என்று கருதினார். கொழுப்பு எரிவதன் இயல்பான விளைவே அது என்று இன்று எவரேனும் கூறியிருந்தால் அவர் ஏற்றிருப்பாரோ, அறியோம். அதனினும் பெரிய கவலை வேறொன்று. எடை 107 பவுண்டிலேயே இறங்காது நின்றது. உண்ணாதவர் எடை குறையாதிருப்பது நலத்தின் அறிகுறியன்று. சிறுநீரகங்கள் சோர்ந்து உடலில் நீர் தங்கியதே காரணம். தராசு முள்ளை மட்டும் நம்பி நோன்பாளரின் நிலையைக் கணிப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

18-ஆம் நாள், எல்லாச் சமூகத் தலைவர்களும் அமைதிக்கு உறுதியளித்தபின், மௌலானா ஆசாத் கையால் ஆரஞ்சுச் சாறு பெற்று நோன்பை முடித்தார். மறுநாள் வழிபாட்டுக்கு அவரை நாற்காலியில் வைத்துச் சுமந்து சென்றனர். அதற்கடுத்த நாளும் அவ்வாறே. நடக்க அவர் அவசரப்படவில்லை. கப்பல் தளத்தில் முயன்ற மனிதர் இப்போது 34 ஆண்டு மூத்தவர். சிறிது சிறிதாக உணவு மீண்டது, கால்களும் மீண்டன. சனவரி 30 மாலை, ஆட்டுப்பாலும் காய்கறியும் ஆரஞ்சும் உண்டபின், படேலுடன் பேசியிருந்ததில் வழிபாட்டுக்குச் சில நிமிடம் தாழ்ந்துவிட்டது. மனு, ஆபா இருவர் தோளிலும் கையூன்றி, புல்வெளியின் குறுக்கே விரைந்து நடந்தே சென்றார்.